36 கிலோ பாசம்

வணக்கம். அடிபட்டுத் தெருவில் கிடந்த நாயைத் தூக்கிவந்து ஒன்றரை வருடமாக வளர்க்கிறேன். இப்போது 36 கிலோ. யாரைப் பார்த்தாலும் பாசம், ஒருவரையும் கடித்ததில்லை. வேலை மாறிப் போகிறேன், கூட்டிப்போக வழியில்லை. 'பெரிய, பாசமான நாய், நல்ல வீடு வேண்டும்' என்று அறிவித்தேன். வாங்கிப்போன இரண்டு குடும்பமும் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். பெயரை மாற்றினால் குழம்புமா? என்னை மறந்துவிடுமா?
ம.

அன்புள்ள ம.,

பெயர் ஒரு பிரச்சினையே இல்லை. தின்பதற்குக் கொடுத்துக் கூப்பிட்டால் சில நாளில் புதுப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும். மறக்குமா என்பது உங்கள் மனசின் கேள்வி. வலிக்கும் என்று தெரியும், ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை.

'பாசமான' என்ற சொல்தான் கொஞ்ச நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு அது குணம். கதவைத் திறக்கும் புது ஆளுக்கு, 36 கிலோ நெஞ்சில் வந்து மோதுவது. ஏன் திருப்பினார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! கேட்கக்கூட இல்லையா? புது வீட்டில் முதல் இரண்டு மூன்று நாள் நாய் மிரண்டு அடங்கிக் கிடக்கும். இடம் பழகியதும் தாவ ஆரம்பிக்கும். வயதானவரோ குழந்தையோ ஒருமுறை விழுந்தால் போதும், வண்டி உங்கள் வாசலுக்குத் திரும்பிவிடும்.

ஆகவே கொடுப்பதற்கு முன் தாவலை நிறுத்துங்கள். கையால் தள்ளாதீர்கள், கத்தாதீர்கள், முட்டியால் இடிக்காதீர்கள். கை மேலே பட்டாலே அதற்கு விளையாட்டு. நாயின் வாரை அசையாத எதிலாவது கட்டிவிட்டு, நாலடி தள்ளி நின்று மெதுவாக அதை நோக்கி நடங்கள். முன்கால் தூக்கியதும் பேசாமல் பின்வாங்குங்கள். நாலு காலும் தரையில் இருந்தால் மட்டும் கிட்டே போய், தின்பண்டத்தை முன்கால்களுக்கு நடுவே தரையில் வையுங்கள். கையில் நீட்டினால் மூக்கு மேலே வரும், கூடவே காலும் வரும். காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம் போதும். உங்களிடம் தாவாமல் நின்றதும் வேறு ஆட்களை வரச்சொல்லுங்கள். உங்களிடம் மட்டும் நிற்கும் நாய் எதையும் கற்றிருக்கவில்லை.

நடுவில் திடீரென முன்பைவிட அதிகமாகத் தாவும், குரைக்கும். பலர் கைவிடுவது அங்கேதான். இதுவரை பலித்த வழி பலிக்காமல் போனதால் இன்னும் பலமாக முயல்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் 'பாவம்' என்று ஒருமுறை கொஞ்சிவிட்டால், விடாமல் தாவினால் கிடைக்கும் என்றே கற்றுக்கொள்ளும். வீட்டில் ஒருவர் கொஞ்சி, மற்றவர் விலகினாலும் அதே கதை. தயவுசெய்து நீங்களே அந்த ஒருவராக இருக்காதீர்கள்.

கொடுக்கும் நாளுக்கு: தடுப்பூசிச் சீட்டு, கருத்தடைச் சான்று, இப்போது தின்னும் அதே தீவனம் பத்து நாளைக்கு, அதன் வாசனையோடு துவைக்காத போர்வை. தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் இருந்தால் அதன் பதிவில் உரிமையாளர் பெயரை மாற்றுங்கள். கழுத்துப்பட்டையும், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் இரண்டும் போட்டு, தனித்தனி வாரில் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறக்குங்கள். மிரண்ட நாய் பின்னால் இழுத்துத் தலையைப் பட்டையிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிடும். அங்கே வேறு நாய் இருந்தால் முதல் சந்திப்பு வெளியில், பக்கவாட்டில் நடந்தபடி நடக்கட்டும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், ஒத்துவராவிட்டால் உங்களிடமே திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நீங்கள் ஊர் மாறப்போவதால், அப்போது அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆளையும் இப்போதே பேசிவையுங்கள்.

அறிவிப்பிலிருந்து 'பாசமான'வை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: '36 கிலோ. ஆளைக் கண்டால் தாவும், பழக்கிவருகிறோம், பத்துக்கு ஏழு முறை நிற்கிறது. தனியே இத்தனை மணி நேரம் இருக்கும்.' அருகில் ஓர் ஆள் நிற்கும் படம் போடுங்கள், உயரம் தெரியட்டும்.

முதல் வேலையாக இன்றே அந்த இரண்டு வீட்டுக்கும் போன் செய்து, எத்தனையாவது நாள், யார் மேல் தாவியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.