மெனு பட்டன் மேல் மவுஸை வைத்தால் படம் ஒரு கணம் மறைந்து பிறகுதான் மாறுகிறது. சிஎஸ்எஸ்ஸில் இதை எப்படிச் சரிசெய்வது?

ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு படம் வைத்திருப்பீர்கள், ஒன்று சும்மா இருக்கும்போது, இன்னொன்று ஹோவருக்கு, அதாவது மவுஸ் மேலே நிற்கும்போது. உங்கள் கணினியில் சோதித்தபோது ஒன்றும் தெரிந்திருக்காது. சர்வரில் ஏற்றியதும் கண்சிமிட்ட ஆரம்பித்திருக்கும். மவுஸ் மேலே வரும்வரை ஹோவர் படத்தை பிரவுசர் இறக்குவதில்லை, அதனால்தான்.

இதில் நான் நன்றாக அடிபட்டவன். 2005, கோவையில் ஒரு ஜவுளிக்கடைக்குத் தளம். மெனு தமிழில் வேண்டும் என்றார் முதலாளி. 'படத்தில் மெனுவா?' என்று கமெண்டில் சிரிக்கப்போகிறவர்களே, விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரியவே தனியாக டிக் போட்டு நிறுவ வேண்டிய காலம் அது. பிரவுசிங் சென்டர்களில் பாதி இடத்தில் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஆசைக்காகப் படம் போடவில்லை.

ஏழு பட்டன், பதினான்கு படம். டயல்-அப்பில் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தொட்டா ஓடிப்போகுது?" என்றார் முதலாளி.

அதற்கு முந்தைய ஆண்டுதான் வெப் டிசைனர் டேவ் ஷே எழுதிய கட்டுரையால் ஸ்பிரைட் முறை பரவியிருந்தது. பல படங்களை ஒன்றாக ஒட்டி, வேண்டிய பகுதியை மட்டும் காட்டுவதுதான் அது. பதினான்கையும் ஒரே படமாக ஒட்டினேன். பட்டன் ஒன்று 100 பிக்சல் அகலம், 40 உயரம். மொத்தப் படம் 700க்கு 80. மேல் வரிசை சாதாரணம், கீழ் வரிசை ஹோவர். மூன்றாவது பட்டனுக்கு, படத்தை எவ்வளவு நகர்த்துவது என்று சொல்லும் பேக்ரவுண்ட் பொசிஷன் மைனஸ் 200, 0. ஹோவரில் மைனஸ் 200, மைனஸ் 40. படம் ஏற்கெனவே வந்துவிட்டது, நகர்த்துவது மட்டுமே வேலை. சிமிட்டல் போயிற்று.

ஆனால் ஹோவரை லிங்க்குக்கு எழுதாமல், அதைச் சுற்றியிருக்கும் லிஸ்ட் ஐட்டத்துக்கு எழுதித் தொலைத்தேன். ஆபீஸ் ஃபயர்ஃபாக்ஸில் ஜோராக ஓடியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 ஹோவரை லிங்க்குக்கு மட்டுமே மதிக்கும் என்பது கடையில் போய்க் காட்டும்போதுதான் தெரிந்தது. எல்லோர் முன்னாலும். இன்று அந்தக் கவலை இல்லை, என்றாலும் லிங்க்கிலேயே எழுதுங்கள். கீபோர்டில் வருபவர்களுக்காக ஃபோகஸுக்கும் அதே விதியைக் கொடுங்கள். லிங்க்குக்குள் நிஜ எழுத்தும் இருக்கட்டும், டெக்ஸ்ட் இன்டென்ட் வைத்து அதை வெளியே தள்ளிவிடலாம். இல்லாவிட்டால் பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு உங்கள் மெனு வெறும் காற்று. இதெல்லாம் படம்தான் வேண்டும் என்றால். இன்று பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும் வெப் ஃபான்ட் இருக்கிறது, நானாக இருந்தால் எழுத்திலேயே செய்வேன்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், படத்தில் எழுத்துப்பிழை வந்தால் செத்தோம். 'தொடர்புக்கு' என்பது 'தொடர்ப்புக்கு' என்று போய்விட்டது. மூல போட்டோஷாப் ஃபைல் வேலையை விட்டுப் போன டிசைனரிடம். முதலாளி பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் ஏற்றினோம். அந்த ஒரு 'ப்'பைக் காட்டி, கடைசித் தவணை நாலாயிரத்தை நிறுத்திவிட்டார்.

அதே கடையின் பெயர்ப்பலகையில் 'பட்டு புடவைகள்' என்று ஒற்று இல்லாமல் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. பெயின்டருக்கு அன்றே முழுப் பணமும் கொடுத்தாராம். டீயும் வாங்கிக்கொடுத்தாராம்.