ஆணழகன் பயிற்சியா, வலுதூக்குதலா: எந்த ஜிம்முக்குப் பணம் கட்டுவது?

கேள்வி: எங்கள் பகுதியில் இரண்டு ஜிம்கள் இருக்கின்றன. ஒன்று முதல் மாடியில், ஏ.சி. வசதியோடு. ஓராண்டுக் கட்டணம் 15,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டச் சொல்கிறார்கள். அங்குள்ள பயிற்சியாளர் ஆணழகன் போட்டிகளில் பரிசு வாங்கியவர். மற்றொன்று தகரக் கூரை போட்ட பழைய கூடம், மாதம் 800 ரூபாய். அங்கே சில மாணவர்கள் வலுதூக்கும் போட்டிக்குத் தயாராகிறார்கள். எனக்கு வயது 24. உடம்பும் ஏற வேண்டும், பலமும் வேண்டும். எதில் சேரலாம்? (ஈரோடு வாசகர்)

பதில்: தகரக் கூரைக் கூடத்தில் மூன்று மாதம் சேருங்கள். அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு வெள்ளி வென்றது பளுதூக்குதலில். கம்பியைத் தலைக்கு மேல் தூக்கும் விளையாட்டு அது. நீங்கள் கேட்கும் வலுதூக்குதல், அதாவது பவர்லிஃப்டிங், வேறு. அதில் மூன்றே தூக்குகள்: கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்தபடி நெஞ்சிலிருந்து தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கும் டெட்லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தூக்கிய அதிகபட்ச எடைகளைக் கூட்டி, உடல் எடைப் பிரிவுக்குள் வெற்றியாளரை முடிவு செய்கிறார்கள். ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே இறங்கவில்லையென்றால் நடுவர்கள் சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார்கள், அந்தத் தூக்கு செல்லாது. எவ்வளவு கட்டுமஸ்தான உடம்பாக இருந்தாலும் அதற்கு அங்கே ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

நம் ஊர் இளவட்டக்கல்லும் இதே கணக்குதான். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி அந்தக் கல்லைத் தூக்குகிறவரிடம் யாரும் புஜத்தின் சுற்றளவைக் கேட்பதில்லை. கல் தோளைத் தாண்டியதா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

ஆணழகன் மேடையில் எல்லாம் தலைகீழ். நீங்கள் எத்தனை கிலோ தூக்குவீர்கள் என்று நடுவர் கேட்கவே மாட்டார். தசையின் அளவு, இடமும் வலமும் ஒத்திருப்பது, மேல் உடம்புக்கும் காலுக்கும் உள்ள பொருத்தம், கொழுப்பு வடிந்து தசைக் கோடுகள் தெரிவது ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். அதனால் பயிற்சியும் மாறிவிடுகிறது. ஆணழகனுக்குத் தயாராகிறவர் ஒரே தசையை மூன்று நான்கு கோணங்களில் சோர வைக்கிறார். ஒரு செட்டில், அதாவது நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றில், 8 முதல் 12 முறை, நடுவே ஒன்றிரண்டு நிமிட ஓய்வு. இயந்திரங்கள் அவருக்கு உண்மையிலேயே உதவுகின்றன. வலுதூக்குபவர் ஒரு செட்டில் ஒன்று முதல் ஐந்து முறைதான் தூக்குவார், ஆனால் தன் உச்ச எடைக்கு மிக அருகில். பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். பார்ப்பவருக்குச் சோம்பேறித்தனம் போலத் தெரியும் அந்த ஓய்வில்தான் அடுத்த தூக்குக்கான தெம்பு திரும்புகிறது. கனமாகத் தூக்குவது தசையின் வேலை மட்டுமில்லை, நரம்புகள் பழகிக்கொள்ளும் ஒரு திறமையும்கூட. சைக்கிள் ஓட்டப் பழகுவதைப் போல, அதே தூக்கைத் திரும்பத் திரும்பச் செய்துதான் அது வரும்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் ஆறேழு மாதம் இந்த இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த முறையில் ஒழுங்காகச் செய்தாலும் உடம்பும் ஏறும், பலமும் கூடும். இத்தாலியரான ஃபிராங்கோ கொலம்பு வலுதூக்குதலில் பெயரெடுத்தவர். 1976-லும் 1981-லும் ஆணழகர்களுக்கான மிஸ்டர் ஒலிம்பியா பட்டத்தையும் வென்றார். கனமான ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் சரியான முறையில் கைவந்துவிட்டால் பின்னாளில் எந்தப் பக்கமும் போகலாம். தவறான முறையில் பழகிய முதுகைத் திருத்துவதுதான் கடினம், செலவும் அதிகம். ஆகவே உங்கள் பணம் போக வேண்டிய இடம் நல்ல ஆசிரியர், ஏ.சி.யும் கண்ணாடிச் சுவரும் அதற்குப் பிறகுதான்.

எந்த இடமானாலும், பணம் கட்டும் முன் மாலை ஆறரை மணிக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். காலை பதினொரு மணிக்குப் போனால் எல்லா ஜிம்மும் விசாலமாகத்தான் இருக்கும். கம்பியை வைக்க ஸ்குவாட் ரேக் இருக்கிறதா, எழ முடியாமல் போனால் கம்பியைத் தாங்குவதற்குப் பக்கவாட்டுத் தடுப்புக் கம்பிகள் அதில் உள்ளனவா என்று பாருங்கள். ஒரு கம்பியைத் தரையில் மெல்ல உருட்டிவிடுங்கள். வளைந்த கம்பி தள்ளாடும். டெட்லிஃப்ட் செய்யலாமா என்று கேளுங்கள். மாடியில் உள்ள பல ஜிம்களில், கீழே இருப்பவர்கள் புகார் செய்கிறார்கள் என்பதால் அதைத் தடுத்துவிடுகிறார்கள். அது தெரியாமல் ஓராண்டுப் பணத்தைக் கட்டிவிட்டு வருந்துகிறவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ஆன்லைனில் '50 கிலோ ஹோம் ஜிம் செட்' மலிவாகக் கிடைக்கிறது. வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கையையும் தோளையும் திரட்டுவதற்கு ஓரளவு உதவும். வலுதூக்குதலுக்கு உதவாது.

அந்த செட்டுகளில் வரும் தட்டுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் கலவை அடைத்தவை. நடுத்துளை 28 அல்லது 30 மி.மீ. இருக்கும். போட்டிக் கம்பிக்கான தட்டின் துளை 50 மி.மீ. நாளைக்கு நல்ல கம்பி வாங்கினால் இந்தத் தட்டு ஒன்றுகூட அதற்குச் சேராது. எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டும். இன்னொரு சிக்கல் உயரம். முறையான பெரிய தட்டின் விட்டம் 45 செ.மீ. என்பதால் கம்பி தரையிலிருந்து ஏறக்குறைய இருபத்திரண்டரை செ.மீ. உயரத்தில் நிற்கிறது. சின்னத் தட்டுகளைப் போட்டால் கம்பி கணுக்காலருகே கிடக்கும்; அதை எடுக்கக் குனியும்போது முதுகு வளைந்துவிடுகிறது.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிய செட்டை அரிசிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 5 கிலோ என்று பொறித்த இரண்டு தட்டுகளில் ஒன்று 4 கிலோ 600 கிராம், மற்றது 5 கிலோ 150. கம்பியின் இரு முனைகளிலும் அரைக் கிலோ வித்தியாசத்தை வைத்துக்கொண்டு அவன் நான்கு மாதம் தோள் வலியோடு பயிற்சி செய்திருக்கிறான். வலிக்குக் காரணம் அதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எடைக்குத்தான் பணம் கொடுக்கிறோம். எடை குறைந்தால் அது குறைபாடுள்ள பொருள். பெட்டியைப் பிரித்த அன்றே நிறுத்துப் பார்த்து, தராசு தெரியும்படி படம் எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் புகார் செய்யுங்கள்.

கேள்வி: 17 வயது மகன் ஜிம்மில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பெல்ட், கைப்பட்டை, புரோட்டீன் பவுடர், மாஸ் கெய்னர் எல்லாம் வேண்டும் என்கிறான். எதை வாங்கித் தருவது? (நாகர்கோவில், ஒரு தாய்)

பதில்: இப்போதைக்கு முட்டை வாங்கித் தாருங்கள் அம்மா. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் சோயா உருண்டையில் 50 கிராமுக்கு மேல். நிலக்கடலை, பொட்டுக்கடலை, பால், மீன் என்று நாகர்கோவிலில் கிடைப்பதே அவனுக்குப் போதும்.

மாஸ் கெய்னர் என்பது உடல் எடையை ஏற்றுவதற்கென்று விற்கும் பவுடர். அந்த டப்பாவைத் திருப்பி, 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்ற வரியைப் படியுங்கள். பலவற்றில் முக்கால் பங்கு மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். அந்த விலைக்கு வீட்டில் சோறும் வாழைப்பழமும் தாராளமாகப் போடலாம். பின்னாளில் புரோட்டீன் பவுடர் வாங்க நேர்ந்தால், 30 கிராம் கரண்டிக்கு 22 முதல் 25 கிராம் புரதம் இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் அச்சாகியிருக்கிறதா, மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பில் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் தவறானதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள். முதுகுப் பக்கம் அகலமாகவும் வயிற்றுப் பக்கம் ஒடுங்கியும் இருப்பது ஆணழகன் பயிற்சிக்காரர்கள் கட்டும் வகை. வலுதூக்குபவரின் பெல்ட் சுற்றிலும் ஒரே அகலம். சர்வதேச வலுதூக்கும் கூட்டமைப்பின் விதிப்படி அகலம் 10 செ.மீ.க்கும் கனம் 13 மி.மீ.க்கும் மிகக் கூடாது. பெல்ட் முதுகைத் தாங்கிப் பிடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மூச்சை நிறைய இழுத்து, வயிற்றால் பெல்ட்டை எல்லாப் பக்கமும் அழுத்தும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம்தான் முதுகெலும்பைக் காக்கிறது. முன்பக்கம் ஒடுங்கியிருந்தால் வயிறு எதை அழுத்தும்? அந்த மூச்சுப் பழக்கம் இரண்டு மாதப் பையனுக்கு வந்திருக்காது. ஓராண்டு போகட்டும். கையைக் கம்பியோடு சேர்த்துச் சுற்றும் கைப்பட்டையும் அப்படியே: அதைக் கட்டிக்கொண்டால் விரல் பிடி வளராது. போட்டி டெட்லிஃப்டில் அதற்கு அனுமதியும் இல்லை.

ஒன்று மட்டும் உடனே செய்யலாம். அவன் மெத்தென்ற ஓட்டக் காலணியோடு ஸ்குவாட் செய்கிறானா என்று கேளுங்கள். தட்டையான, கெட்டியான அடியுள்ள கான்வாஸ் காலணி சில நூறு ரூபாய்தான். பாதம் ஆடாமல் நிற்கும்.

ஜிம்மில் யாராவது ஊசியோ மாத்திரையோ சிபாரிசு செய்தால், அன்றே அவனை அங்கிருந்து நிறுத்திவிடுங்கள். வளரும் பையனின் ஹார்மோனையும் இதயத்தையும் ஈரலையும் கெடுக்கக்கூடியவை அவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்பது குற்றமும் ஆகும்.

கேள்வி: பெண்களுக்கான 'டோனிங் பேக்கேஜ்' என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கனமான எடை தூக்கினால் ஆண் போல ஆகிவிடுவேன் என்றும் பயமுறுத்துகிறார்கள். (மதுரை வாசகி, வயது 34)

பதில்: அந்தப் பயத்தை விற்றுத்தான் அந்தத் தனிக் கட்டணத்தை வாங்குகிறார்கள். எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது. தசையை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் உடலில் மிகக் குறைவு. தசை ஏறுவது மெதுவாகத்தான் நடக்கும், தவறுதலாக ஒருநாள் காலையில் ஆகிவிடாது. சர்வதேச வலுதூக்கும் போட்டிகளில் பெண்களுக்கு 47 கிலோ எடைப் பிரிவே இருக்கிறது; சிறிய உடம்போடு மிகுந்த எடை தூக்குகிறவர்கள் அவர்கள். முப்பதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பின் உறுதிக்கும் கனமான பயிற்சி நல்லது. சாதாரணக் கட்டணத்திலேயே சேர்ந்து, ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் கற்றுத்தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: ஓராண்டுக் கட்டணம் கட்டி மூன்றாம் மாதம் ஜிம்மை மூடிவிட்டார்கள். 'கட்டிய பணம் திரும்பத் தரப்படாது' என்று ரசீதில் அச்சிட்டிருக்கிறது. (சேலம் வாசகர்)

பதில்: நீங்களாக வராமல் நின்றால் அந்த வரியை அவர்கள் காட்டலாம். அவர்களே கதவை மூடிவிட்டபோது, தராத சேவைக்குப் பணத்தை வைத்துக்கொள்ள அது உரிமை கொடுக்காது. முதலில் மீதி ஒன்பது மாதத் தொகையைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல வழக்குகள் அங்கேயே முடிகின்றன. அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, பணம் அனுப்பிய வங்கிக் குறுஞ்செய்தி, பூட்டிய கதவின் தேதியிட்ட புகைப்படம் மூன்றையும் மனுவோடு இணையுங்கள்.