தாலந்தும் டேலண்ட்டும் ஒன்றா? அழைப்பிதழில் எதைப் போடுவது?

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளின் 'டேலண்ட் ஷோ' நடக்கிறது. தமிழ் அழைப்பிதழில் 'தாலந்து நிகழ்ச்சி' என்று போடலாம் என்கிறார் ஓர் ஆசிரியை. அது சர்ச்சில் புழங்கும் சொல், நமக்கு ஒத்துவராது என்கிறார் இன்னொருவர். 'திறனாய்வு' என்றும் ஒரு யோசனை வந்தது. எது சரி?

பதில்: பிறப்பைப் பார்த்தால் தாலந்தும் டேலண்ட்டும் ஒரே சொல்தான். இரண்டும் 'தலந்தோன்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து கிளம்பியவை. அதற்கு முதல் பொருள் தராசு. பிறகு தராசில் நிறுக்கும் ஓர் எடைக்குப் பெயரானது, அப்புறம் அந்த எடையுள்ள வெள்ளிக்கு, அதாவது பணத்துக்கு. ஏதென்ஸ் கணக்கில் ஒரு தாலந்து சுமார் 26 கிலோ, சிமெண்ட் மூட்டையில் பாதிக்குச் சற்று மேல். காசாக எண்ணினால் 6,000 திராக்மா, அதாவது 6,000 கிரேக்க வெள்ளிக்காசு.

தலந்தோனுக்கு வேர், தூக்குதல், சுமத்தல் என்ற பொருள்கொண்ட ஒரு பழைய சொல். அந்த வேரிலிருந்து வந்ததுதான் சமஸ்கிருத 'துலா'வும். ஆகவே நம் துலாம் ராசி, துலாபாரம், கிணற்றுத் துலா எல்லாம் டேலண்ட்டுக்குத் தூரத்துச் சொந்தம். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் பாருங்கள், சர்ச் சொல் என்ற சண்டை கொஞ்சம் தணியும்.

சரி, எடை எப்படித் திறமையானது? மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் உவமைதான் காரணம். ஊருக்குப் புறப்படும் எஜமான் தன் பணத்தை மூன்று வேலைக்காரர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துக் கணக்கில் ஒப்படைக்கிறான். முதல் இருவர் அதை இரட்டிப்பாக்குகிறார்கள், மூன்றாமவன் குழிதோண்டிப் புதைத்துவிடுகிறான். ஒரு நாள் கூலி ஒரு வெள்ளிக்காசு என்றிருந்த காலம் அது. ஓய்வுநாள் போக உழைத்தால் ஒரு தாலந்து சம்பாதிக்க ஏறக்குறைய இருபது வருடம் ஆகும். ஒன்றுதானே என்று அலட்சியப்படுத்தக்கூடிய தொகையில்லை.

இந்தப் பணத்தைக் கடவுள் தந்த வரம் என்று போதகர்கள் விளக்கி விளக்கியே, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இயல்பான திறமை என்ற பொருள் ஏறிவிட்டது. அதற்கு முன்பு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அது விருப்பத்தையும் மனச்சாய்வையும் குறித்தது. ஸ்பானிய 'தலாந்தே' இன்றைக்கும் மனநிலையைத்தான் சொல்கிறது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. எஜமான் தாலந்துகளைப் பிரித்துக் கொடுப்பது அவரவர் திறமைக்குத் தக்கபடி! ஆக, கதையில் திறமை வேறு, தாலந்து வேறு. முன்னது இருந்ததால்தான் பின்னது கிடைத்தது.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் தாலந்து உயிருள்ள சொல். 'கர்த்தர் கொடுத்த தாலந்து' என்று பாடகரைப் பாராட்டுவார்கள். சபை நடத்தும் பள்ளி, பெற்றோரும் பெரும்பாலும் அந்தச் சபையினர் என்றால் தாராளமாகப் போடுங்கள். மற்ற இடங்களில் பாதிப் பேருக்கு விளங்காது.

'திறனாய்வு' வேண்டவே வேண்டாம். மாணவர்களுக்கு அது திறனாய்வுத் தேர்வு, ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பும் சமாச்சாரம். இலக்கியக்காரர்களுக்கோ அது விமர்சனம். பிள்ளைகள் ஆடிப் பாடுவதைப் பார்க்க வருகிறவர்களை இரண்டுமே மிரட்டும். வெறும் 'திறமை நிகழ்ச்சி' என்பதும் ஏதோ குறைவதுபோல் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென்று இருப்பதைக் காட்டும் மேடை என்பதால், 'தனித்திறன் மேடை' என்று அச்சடிக்கச் சொல்வேன். 'ஷோ'வுக்குத் தனியாக ஒரு சொல் தேட வேண்டியதில்லை, மேடையே போதும்.