கொரிய எழுத்துகள் 11,172 என்கிறார்களே, கணினி அத்தனையையும் எப்படிக் கையாள்கிறது?

11,172 என்பது மனப்பாடம் செய்கிற பட்டியல் இல்லை, ஒரு பெருக்கல் கணக்கின் விடை. கொரியப் பிள்ளைகள் அடிப்படையாகக் கற்பது 14 மெய், 10 உயிர். மீதி எல்லாம் இவற்றை இரட்டித்தும் இணைத்தும் வருபவை.

ஓர் அசையை ஒரே கட்டத்துக்குள் எழுதுவார்கள். முதலில் மெய். உயிர் நெடுக்குக் கோடாக இருந்தால் அதன் வலப்பக்கம் வரும், கிடைக்கோடாக இருந்தால் அடியில் வரும். அசை மெய்யில் முடிந்தால் அந்த மெய் எல்லாவற்றுக்கும் கீழே. நம் உயிர்மெய்யில் ஈற்று மெய் வெளியே நிற்கும். அங்கே அதுவும் உள்ளே அடங்கிவிடும். 'ஹன்' நமக்கு இரண்டு எழுத்து, அவர்களுக்கு ஒன்று.

முதல் மெய்க்கு 19 வாய்ப்பு, உயிருக்கு 21, ஈறு இல்லாததையும் சேர்த்து ஈற்றுக்கு 28. பெருக்கிப் பாருங்கள், 11,172 வரும். உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் இவை 44032இல் தொடங்கி இடைவெளியில்லாமல் வரிசையாக நிற்கின்றன. சுழியத்திலிருந்து எண்ணினால் ஹ 18, அ 0, ன் 4. 18ஐ 21ஆல் பெருக்கி உயிரின் 0வைக் கூட்டினால் 378. அதை 28ஆல் பெருக்கி 4ஐக் கூட்டினால் 10588. அதோடு 44032ஐச் சேர்த்தால் 54620, அதுதான் 'ஹன்'. திருப்பி வகுத்தால் மூன்று உறுப்புகளும் கையில் வந்துவிடும், அட்டவணையே வேண்டாம். யூனிகோடில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இந்த ஒழுங்கு எளிதில் வந்துவிடவில்லை. தென்கொரியாவின் 1987ஆம் ஆண்டுக் கணினி எழுத்துத் தரத்தில் அதிகம் புழங்கும் 2,350 அசைகளுக்குத்தான் இடம். அதில் இல்லாத அசை ஒருவர் பெயரில் வந்தால், அப்போதைய பெரும்பாலான மென்பொருள்களில் அதைச் சரியாகத் தட்டவே முடியாமல் இருந்தது. சேர்த்து எழுதுவதையே இயல்பாகக் கொண்ட எழுத்துமுறைக்கு இது அநியாயம். யூனிகோடும் 1.1 பதிப்பில் 6,656 அசைகளைத்தான் வைத்திருந்தது. 1996இல் வந்த 2.0 பதிப்பில்தான் 11,172 அசைகளும் புதிய இடத்தில் குடியேறின. பழைய எண்களில் சேமித்தவை செல்லாமல் போயின. அப்புறம்தான், ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை இனி நகர்த்துவதில்லை என்று யூனிகோடில் விதி வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள்: அதே அசையை உறுப்பு உறுப்பாகவும் சேமிக்கலாம். மேக்கில் வைத்த கொரியக் கோப்புப் பெயர் விண்டோஸில் உதிரி எழுத்துகளாகச் சிதறித் தெரிவது இதனால்தான். நிரலில் பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டையும், உறுப்புகளை ஒரே அசையாகச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தான் நிரல்மொழியில் யூனிகோடுடேட்டா (unicodedata) தொகுதியே இதைச் செய்துவிடும்.