மார்பிள் கட்டரில் மரம் அறுக்கலாமா? பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: கையில் மார்பிள் கட்டர் இருக்கிறது. மர பிளேடு மாட்டிச் சட்டம் அறுத்தால் என்ன?
(தென்காசி வாசகர்)

ஊரெல்லாம் அப்படித்தான் அறுக்கிறார்கள். ஆனாலும் வேண்டாம். அது கல்லுக்கென்று செய்த மெஷின், 110 மி.மீ. பிளேடை நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றையொட்டி ஓட்டும். மூடி மேல்பாதிக்கு மட்டும்தான். மரத்துக்கான சர்குலர் ஸாவில் கீழ்ப்பாதிக்கும் ஸ்பிரிங் மூடி உண்டு. பிளேடு மரத்தில் இறங்கும்போது விலகும், வெளியே வந்ததும் தானே மூடிக்கொள்ளும். கட்டரில் அது இல்லாததால் ஸ்விட்சை விட்ட பிறகும் பல் திறந்தபடி சுற்றிக்கொண்டிருக்கும். அறுத்து முடித்துவிட்டோம் என்று மெஷினைத் தொடையோரம் தாழ்த்தும்போதுதான் சதை கிழிகிறது. ஆங்கிள் கிரைண்டரில் பல் பிளேடு மாட்டுவது இன்னும் மோசம். மரத்தின் மேல் உட்கார அடித்தட்டுகூட அதற்குக் கிடையாது.

7 அங்குல சர்குலர் ஸா வாங்குங்கள். வேகம் ஐயாயிரத்துச் சொச்சம்தான். 2 அங்குலச் சட்டம் ஒரே ஓட்டத்தில் அறும். பிளேடு வாங்கும்போது அதில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்றைப் பாருங்கள். அது மெஷினின் சுற்றைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

கேள்வி: டேபிள் ரம்பத்தில் வேப்பம்பலகையை நீளவாக்கில் பிளக்கும்போது பலகை எகிறி வந்து வயிற்றில் அடித்தது. பிளேடு புதிது. எங்கே தப்பு?
(பண்ருட்டி வாசகர்)

பிளேடின் முன்பக்கப் பல் மரத்தை மேசையோடு அழுத்தும். பின்பக்கப் பல் கீழிருந்து மேலே வரும். அறுத்த வாய் பின்னால் ஒடுங்கிப் பிளேடைக் கவ்வினால், அந்தப் பல் பலகையைத் தூக்கி உங்கள் பக்கம் எறியும். ஈரம் காயாத மரத்திலும், உள்ளே முறுக்கம் உள்ள மரத்திலும் வாய் இப்படி ஒடுங்கும்.

அடுத்து ஃபென்ஸை, அதாவது பலகை உரசி நகரும் பக்கத் தடுப்பை, பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் மார்க்கரால் குறியிடுங்கள். அதே பல்லை முன்னால் நிறுத்தி ஃபென்ஸுக்கு உள்ள தூரத்தை அளந்து, பின்னால் சுற்றிவிட்டு மறுபடி அளங்கள். பின்னளவு அரை மில்லிமீட்டர் குறைந்தாலே மரம் நெருக்கப்படும், ஓரமும் கருகும்.

மெஷினோடு வந்த ரைவிங் நைஃபை, அதாவது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகட்டை, இடைஞ்சல் என்று கழற்றிவிட்டீர்களா? வாய் ஒடுங்காமல் காப்பதே அதுதான். பிளேடின் தகட்டைவிடத் தடித்ததாகவும், பல் போடும் வாயைவிட மெலிந்ததாகவும் இருக்க வேண்டும்: வாய் 3.2, பிளேடின் தகடு 2.2 மி.மீ. என்றால் 2.5 மி.மீ. நைஃப் பொருந்தும். பல்லுக்கும் அதற்கும் இடைவெளி 3 முதல் 8 மி.மீ. அது மாட்ட வழியில்லாத நாட்டு மேசை என்றால், கொஞ்சம் அறுத்ததும் மெஷினை நிறுத்தி, பிளேடு நின்ற பிறகு வாயில் ஆப்பு செருகுங்கள். ஓடும்போது பின்பக்கம் கை நீட்டவே கூடாது.

பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். கை பிளேடுக்கு ஒரு சாணுக்குள் வரும் என்றால் தள்ளுகோலை எடுங்கள்.

கேள்வி: பிளைவுட் ஓரத்தில் சிம்பு பெயர்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பிளேடுதான்.
(காரைக்குடி வாசகர்)

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 10 அங்குல பிளேடில், நீளவாக்கில் பிளக்க 24 முதல் 30 பல். பிளைவுட்டுக்கும் குறுக்கு வெட்டுக்கும் 60 முதல் 80. மாற்றிப் போட்டு 80 பல்லில் தேக்கைப் பிளந்தால், தூள் வெளியேற இடமின்றிப் பிளேடு சூடேறும். சர்குலர் ஸாவில் பல் கீழிருந்து மேலே ஏறுவதால் பிளைவுட்டின் நல்ல முகத்தைக் கீழே வையுங்கள். டேபிள் ரம்பத்தில் அதுவே மேலே இருக்க வேண்டும்.

கேள்வி: கையுறை போட்டால் பாதுகாப்புதானே?
(ஓசூர் வாசகர்)

பிளேடை மாற்றும்போது மட்டும். ஓடும் பிளேடருகே நூல் மாட்டினால் கையையே இழுத்துவிடும். தோள் துண்டு, தொளதொள முழுக்கை, மணிக்கட்டுக் கயிறு மூன்றும் அப்படித்தான். கண்ணாடி, காதடைப்பான், தூசுக்கு என்95 முகக்கவசம் போடுங்கள். துணியை முகத்தில் கட்டினால் நுண்தூசு நிற்காது.