மேற்கத்திய இசையில் ஸட்ஜம் எங்கே போகிறது? வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் ஹைடன் காலம் முதல் 20ஆம் நூற்றாண்டு வரையிலான மேற்கத்திய சாஸ்திரிய இசை. கேள்விகள் பாலக்காடு, குமரி, செங்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவை. அனுப்பியவர்களில் பலர் கர்நாடக இசையில் ஊறியவர்கள் என்பதால் பதில்களும் அந்தக் காதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: நான் வாய்ப்பாட்டு கற்கிறேன். மொஸார்ட்டின் பியானோ சொனாட்டா ஒன்று (அவர் படைப்புப் பட்டியலில் கே. 545) சங்கராபரணம் போலவே இருக்கும் என்று டீச்சர் சொன்னார். சுருதிப்பெட்டியை 1 கட்டையில் வைத்துக்கொண்டு கேட்டேன். தொடக்கம் அழகாகச் சேர்ந்தது. அரை நிமிடத்துக்குள் ஒட்டாமல் போய்விட்டது. பிழை பதிவிலா, என் காதிலா?
– வாசகி, கல்பாத்தி

பதிவும் சரி, உங்கள் காதும் சரி. ஒட்டவில்லை என்று உணர்ந்த காதுதான் இந்த இசைக்குத் தேவையான காது. சுருதிப்பெட்டியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

நம் கச்சேரியில் ஸட்ஜம், அதாவது ஆதார ஸ்வரமான ‘ஸ’, அசைவதில்லை. ஹைடன், மொஸார்ட், பீத்தோவன் ஆகியோரின் இசையில் ஸட்ஜம் புறப்பட்டுப் போகும், வேறோரிடத்தில் தங்கும், திரும்பி வரும். சொனாட்டா அமைப்பு என்பது இந்தப் போக்குவரத்துதான். மெட்டை மட்டும் பின்தொடர்ந்தால் பாதி விஷயம் கைநழுவிப் போகும்.

நீங்கள் கேட்ட முதல் பகுதி மொத்தம் 73 பார் (தாளக் கட்டம்). தொடக்கத்தில் ஸட்ஜம் சி, அதாவது 1 கட்டை. 14ஆம் பாரில் இரண்டாவது மெட்டு வரும்போது அது ஜி-க்கு, 5 கட்டைக்குப் போய்விட்டது. எஃப் இருந்த இடத்தில் எஃப் ஷார்ப் ஒலிக்கிறது. 1 கட்டையைப் பிடித்துக்கொண்டே கேட்டால் அது பிரதி மத்யமம். கல்யாணி வந்துவிட்டதோ என்று தோன்றும். ஆனால் இசை இளைப்பாறும் ஸ்வரம் ஜி. அங்கிருந்து பார்த்தால் எஃப் ஷார்ப் காகலி நிஷாதம், ஆகவே இதுவும் சங்கராபரணமே. கிரக பேதம் என்று நினைக்க வேண்டாம். கிரக பேதத்தில் ஸ்வரங்கள் அப்படியே இருக்க, ஆதாரம் மட்டும் மாறும். இங்கே ஆதாரத்தோடு ஒரு ஸ்வரமும் மாறுகிறது.

பழகும் முறை இது. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, 28ஆம் பார் முடிந்ததும் பதிவை நிறுத்தி, யோசிக்காமல் ‘ஸா’ என்று பாடுங்கள். குரல் தானாக ஜி-யில் விழும். பிறகு 29 முதல் 41 வரை கேளுங்கள். ஜி மைனரில் தொடங்கும் இந்த 13 பாரில் ஸட்ஜம் எங்கும் நிலைப்பதில்லை. பாட முயன்றால் குரல் தடுமாறும், தடுமாறத்தான் வேண்டும். 42ஆம் பாரில் முதல் மெட்டு திரும்புகிறது. வழக்கப்படி அது சி-யில் வர வேண்டும். மொஸார்ட் அதை எஃப்-இல், 4 கட்டையில் கொண்டுவருகிறார். முதல் தடவை சி-யிலிருந்து ஐந்தாம் ஸ்வரமான ஜி-க்கு ஏறினார். இப்போது எஃப்-இலிருந்து அதே தூரம் ஏறினால் சி வந்துவிடும். போன வழியை ஒத்த வழியிலேயே வீடு சேர்கிறார். ஷூபர்ட்டும் தன் 5ஆம் சிம்பொனியின் முதல் பகுதியில் இதைச் செய்திருக்கிறார்.

மொஸார்ட் இதைத் தன் பட்டியலில் 26 ஜூன் 1788 அன்று, ‘ஆரம்ப மாணவர்களுக்கு’ என்று குறித்து வைத்தார். கை ஆரம்பநிலையில் இருக்கலாம். காதுக்கு இது முழுப் பாடம்.

அடுத்து ஹைடனின் 104ஆம் சிம்பொனியைக் கேளுங்கள். முதல் பகுதியில் ஸட்ஜம் டி-யிலிருந்து ஏ-க்குப் போன பிறகும் புது மெட்டைத் தேடாமல் முதல் மெட்டையே மறுபடி வைக்கிறார். நிகழ்ச்சி மெட்டு மாறுவது அல்ல, இடம் மாறுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இன்னொன்று: ஸட்ஜம் பெயராத இடத்திலும் தம்புராவும் பியானோவும் முழுதாக ஒத்துப்போகா. தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிட இன்றைய பியானோவின் காந்தாரம் ஏறத்தாழ 14 சென்ட் அதிகம்; அரை ஸ்வரம் என்பது 100 சென்ட்.

கேள்வி: பீத்தோவனின் ஒரே சிம்பொனி, இரண்டு பதிவுகள். ஒன்று சற்றே கீழே ஒலிக்கிறது. ஏன்?
– வாசகர், செங்கோட்டை

கீழே இருப்பது பெரும்பாலும் பழைய வகைக் கருவிகளில் வாசித்ததாக இருக்கும். ஏ = 440, அதாவது ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்பது 1939இல் லண்டன் மாநாட்டில் ஏற்கப்பட்ட அளவு. அதற்கு முன்பு ஊருக்கு ஊர் வேறு. பிரான்ஸ் 1859இல் 435 என்று சட்டம் போட்டது. ஹைடன் முதல் பீத்தோவன் வரையிலான இசைக்குப் பழங்கருவிக் குழுக்கள் வழக்கமாக 430 வைக்கின்றன. 440-ஐவிட 40 சென்ட் குறைவு. கூட வாசிக்க வேண்டுமானால் கீபோர்டின் ட்யூனிங்கை அந்த அளவுக்கு இறக்குங்கள். ட்ரான்ஸ்போஸ் பொத்தான் உதவாது, அது முழு அரை ஸ்வரமாகத்தான் நகரும்.

கேள்வி: எங்கள் சபை பாடகர் குழுவில் பீத்தோவனின் 9ஆம் சிம்பொனி மெட்டில் அமைந்த பாமாலையைப் பாடும்போது, கடைசி அடிக்கு முன்னால் பாதிப் பேர் முந்துகிறார்கள், பாதிப் பேர் பிந்துகிறார்கள். கீபோர்டு வாசிப்பவரும் குழம்புகிறார். இதே போலப் பெரிய இசையமைப்பாளர்களிடமிருந்து வந்த பாமாலை ராகங்கள் வேறு உண்டா?
– வாசகர், மார்த்தாண்டம்

யாரும் தவறாகப் பாடவில்லை, உங்கள் கையில் ஒரே மெட்டின் இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. மெட்டு: க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, பிறகு நீண்ட க, குறுகிய ரி, நீண்ட ரி. மூன்றாம் அடி ஸ, ரி, மந்திர ப என்று இறங்கி முடியும். பீத்தோவன் அந்த மந்திர பஞ்சமத்துக்கு ஒரே ஒரு எண்ணிக்கைதான் கொடுத்தார். அதே பாரின் 4ஆம் எண்ணிக்கையிலேயே கடைசி அடியின் காந்தாரம் புறப்பட்டு அடுத்த பாருக்குள் நீள்கிறது. பல பாட்டுப் புத்தகங்கள் சபையார் எளிதாகப் பாடட்டும் என்று பஞ்சமத்தை 2 எண்ணிக்கை நீட்டி, காந்தாரத்தைப் புதுப் பாரின் தொடக்கத்தில் வைத்துவிட்டன. உங்களில் சிலர் சிம்பொனியைக் கேட்டுப் பழகியவர்கள், சிலர் புத்தகத்தில் பழகியவர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முந்தும் காந்தாரம்தான் அந்த மெட்டின் உயிர் என்பது எங்கள் கருத்து. அதைப் பழக்க, அந்தப் பாரை மட்டும் 1, 2, 3 என்று கை தட்டி, 4இல் தட்டாமல் ‘க’ பாடச் சொல்லுங்கள். முதலில் பேஸ் குரல்கள் உறுதியாக வேண்டும். அவர்கள் சரியாக நின்றால் மற்றவர்கள் தவற மாட்டார்கள்.

மற்ற ராகங்கள் (பாமாலையில் ராகம் என்றால் மெட்டு): ‘ஆஸ்திரியா’ என்று புத்தகத்தில் பெயரிட்டிருப்பது ஹைடன் 1797இல் பேரரசர் பிறந்தநாளுக்கு எழுதியது. அதையே தன் தந்திக் கருவி நால்வர் இசையில் (ஓபஸ், அதாவது படைப்பு எண், 76, எண் 3) வைத்து 4 மாறுபாடுகள் செய்தார். மெட்டு மாறாமல் இரண்டாம் வயலின், செல்லோ, வயோலா, முதல் வயலின் என்று கைமாறும். சுற்றியுள்ள குரல்கள்தான் மாறும். நான்கு குரலில் பாடும் எந்தக் குழுவும் இதைக் கேட்க வேண்டும். உங்கள் ஆல்டோக்களுக்கு மூன்றாம் மாறுபாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

கிறிஸ்துமஸுக்குப் பாடும் ‘மெண்டெல்சோன்’ ராகம் முதலில் பக்திப் பாட்டே அல்ல. 1840இல் லைப்சிக்கில் அச்சுக்கலை விழாவுக்காக அவர் எழுதியது. 1855இல் வில்லியம் கம்மிங்ஸ் அதைப் பாமாலைச் சொற்களோடு சேர்த்தார். ஜி மேஜரில் வைத்தால் உச்சி மேல் இ வரை போகும், காலை ஆராதனையில் சபையார் குரல் எட்டாது. எஃப் மேஜருக்கு இறக்குங்கள். ‘ஃபின்லாண்டியா’ ராகம் சிபேலியஸ் 1899இல் எழுதிய வாத்திய இசையின் மெதுவான பகுதி. ‘தாக்ஸ்டெட்’ ராகம் ஹோல்ஸ்டின் கிரகங்கள் வரிசையில் வியாழனின் நடுப்பகுதி.

கேள்வி: சுவாதித் திருநாள் காலத்தில் திருவிதாங்கூருக்கு வந்த வயலினும் பீத்தோவன் கால வயலினும் ஒன்றா? என் கர்நாடக வயலினில் மொஸார்ட் வாசிக்கலாமா?
– வாசகர், பாறசாலை

கருவி ஒன்றே, காலமும் ஏறத்தாழ ஒன்றே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவனந்தபுரம் அரண்மனைக்குக் கொண்டுபோனார். சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்த வயலின் பரிசு பெயர்பெற்றது. தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கிலேயர் தேசிய கீதத்தின் மெட்டு. அதே மெட்டுக்குப் பீத்தோவன் பியானோவில் 7 மாறுபாடுகள் எழுதினார். ஒரே மெட்டு இரண்டு மேதைகளின் கையில் என்ன ஆனது என்பதை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் அதை சமஸ்கிருதச் சொல்லால் நிரப்புகிறார், மற்றவர் ஸ்வரங்களைப் பிரித்து மேய்கிறார்.

அன்றைய தந்திகள் குடலால் ஆனவை. தாடையை வைக்கும் கட்டை 1820 வாக்கில் ஜெர்மன் வயலின் கலைஞர் ஷ்போர் கொண்டுவந்தது. எஃகு இ தந்தி பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான்.

உங்கள் வயலின் ஸ ப ஸ ப. மேற்கத்திய முறை ஜி டி ஏ இ. அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே எப்போதும் பஞ்சம தூரம். உங்கள் கருவியில் 3ஆம் தந்தியின் பஞ்சமத்துக்கும் 2ஆம் தந்தியின் ஸட்ஜத்துக்கும் இடையே மத்யம தூரம்தான். விரல் கணக்கு அங்கேதான் பிசகும். சுருதி மாற்றும்போது முதல் தந்தியை ஒரேயடியாக இ-க்கு ஏற்ற வேண்டாம். தந்தி அறும், அல்லது தந்திகளைத் தாங்கும் குதிரை முன்பக்கம் சாயும். மேற்கத்திய செட் தந்தி தனியாக வாங்கி, ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

கேள்வி: 12 ஸ்வர முறை என்று ஷோன்பெர்க் செய்ததும் நம் 72 மேளகர்த்தா போல ஒரு கணக்குதானே? ஏன் காதில் நிற்கவில்லை?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

கணக்கு என்பதோடு ஒற்றுமை முடிகிறது. மேளம் 7 ஸ்வரங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றில் ஒன்றை ஆதாரமாக்குகிறது. ஷோன்பெர்க் 12 ஸ்வரங்களையும் எடுத்து, எதுவும் ஆதாரம் ஆகிவிடக் கூடாது என்பதற்காக வரிசைப்படுத்தினார். அவருடைய ஓபஸ் 25 பியானோ தொகுப்பின் (1921–23) வரிசை: இ, எஃப், ஜி, டி ஃப்ளாட், ஜி ஃப்ளாட், இ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி, பி, சி, ஏ, பி ஃப்ளாட். இதை நேராக, பின்னிருந்து முன்னாக, ஏற்றத்தை இறக்கமாக்கி, அதையும் பின்னிருந்து என 4 விதமாக, 12 இடங்களில் தொடங்கலாம்: 48.

திடீரென்று இப்படி ஆகிவிடவில்லை. 1865இல் ம்யூனிக்கில் அரங்கேறிய வாக்னரின் ‘டிரிஸ்டன்’ தொடக்கத்திலேயே எஃப், பி, டி ஷார்ப், ஜி ஷார்ப் சேர்ந்து ஒலிக்கின்றன. காது ஏ மைனரை எதிர்பார்க்கிறது. இசை அதன் வாசலான இ வரை வந்து நின்றுவிடுகிறது. மணிக்கணக்கான இசைநாடகம் பி மேஜரில் முடிகிறபோதுதான் அந்தப் பதற்றம் அடங்குகிறது. ஸட்ஜத்தை இவ்வளவு நேரம் தள்ளிப்போட முடியுமென்றால், வராமலே இருக்க முடியுமா என்ற கேள்வி அடுத்த தலைமுறைக்கு இயல்பாக எழுந்தது.

ஓபஸ் 25-இல் தொடங்காதீர்கள். ஆல்பன் பெர்க்கின் வயலின் கான்செர்ட்டோவில் (1935) தொடங்குங்கள். அதன் வரிசை ஜி, பி ஃப்ளாட், டி, எஃப் ஷார்ப், ஏ, சி, இ, ஜி ஷார்ப், பி, சி ஷார்ப், டி ஷார்ப், எஃப். 1, 3, 5, 7ஆம் ஸ்வரங்களைப் பொறுக்குங்கள்: ஜி, டி, ஏ, இ. வயலினின் நான்கு திறந்த தந்திகள். 12 ஸ்வர முறைக்குள் பழைய மேஜர், மைனர் கோர்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) அவர் ஒளித்துவைத்திருக்கிறார். காதுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

கேள்வி: மிருதங்கம் கற்கிறேன். மேற்கத்திய இசையில் தாளத்துக்கு என்ன இருக்கிறது?
– மாணவர், சித்தூர், பாலக்காடு

ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’. 29 மே 1913 அன்று பாரிஸில் அரங்கேறியது. பாசூன் தனியாகத் தொடங்கும் முன்னுரை முடிந்ததும் தந்திக் கருவிகள் ஒரே கோர்டை விடாமல் இடிக்கும். 2/4இல் 8 பார், பாருக்கு 4 இடி, மொத்தம் 32. ஆதி தாளம், சதுச்ர நடை, 1 ஆவர்த்தனம், அப்படியே பொருந்துகிறது.

8 ஹார்ன்கள் சேர்ந்து அழுத்தும் இடங்கள் 10, 12, 18, 21, 25, 30. தாளம் போட்டுக்கொண்டு சொன்னால்: 3ஆம் அட்சரத்தின் 2ஆம், 4ஆம் மாத்திரை, 5ஆம் அட்சரத்தின் 2ஆம் மாத்திரை, 6இன் வீச்சில் நேராக, 7இன் தட்டில் நேராக, 8இன் 2ஆம் மாத்திரை. சொற்கட்டாக 9, 2, 6, 3, 4, 5, 3: தகதிமி தகதகிட, தக, தகிடதகிட, தகிட, தகதிமி, தகதகிட, தகிட. முதல் 9-இன் தொடக்கத்தில் அழுத்தம் கிடையாது. மிருதங்கக்காரர்கள் இங்கேதான் தவறுவார்கள். கை சமத்தை அழுத்தப் பழகியிருக்கும். சமத்தை மனத்தில் மட்டும் வைத்து, கையில் விடுங்கள். முதலில் 32-ஐயும் ஒரே பலத்தில் வாயால் ‘த’ என்று சொல்லிப் பழகி, பிறகு அழுத்தங்களைச் சேர்ப்பது நல்லது.

அதன் பிறகு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானிடம் போங்கள். சாரங்கதேவரின் பழைய இசை நூலான சங்கீத ரத்னாகரத்தில் உள்ள 120 தேசி தாளங்களை அவர் ஒரு பிரெஞ்சு இசைக் களஞ்சியத்தில் கண்டெடுத்து வாழ்நாள் முழுதும் பயன்படுத்தினார். போர்க்கைதியாக கோர்லிட்ஸ் முகாமில் இருந்தபோது கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோவுக்கு எழுதிய ‘காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை’ 15 ஜனவரி 1941 அன்று அங்கேயே கைதிகள் முன் வாசிக்கப்பட்டது. அதன் முதல் பகுதியில் பியானோவின் தாளம் ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற 3 தேசி தாளங்களால் ஆனது. மொத்தம் 17 கால அளவுகள். அதன் மேல் ஓடும் கோர்டுகள் 29. இரண்டும் பகா எண்கள் என்பதால் முதல் கோர்டும் முதல் கால அளவும் மறுபடி சேர 493 கோர்டுகள் கடக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே பகுதி முடிந்துவிடும்.