எண்ணெய் பட்ட கடற்பறவையை உடனே கழுவலாமா?

கேள்வி: கூத்தங்குழி பக்கம் கரையில் தார் ஒட்டிய கடற்காகம் ஒன்று பறக்கமாட்டாமல் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெய் தொட்டுத் தாரைத் துடைத்தோம். சோப்புத் தூள் போட்டுக் கழுவி ஃபேனுக்கு அடியில் காயவைத்தோம், மீனும் ஊட்டினோம். சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது. எங்கே தப்பு? எங்கள் வள்ளங்களில் வடியும் ஆயிலும் இதற்குக் காரணமா?
– வாசகர் ஒருவர், ராதாபுரம் வட்டம்

பதில்: தாரை முந்திக்கொண்டு, நீங்கள் கழுவியதே அதைக் கொன்றிருக்கக்கூடும். சொல்லச் சங்கடமாக இருந்தாலும் முதலில் சொல்லிவிடுகிறோம். இரக்கப்பட்டு ஓடிவருகிறவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது சோப்பைத்தான்.

கடற்பறவையின் இறகு ஓட்டுக் கூரை மாதிரி. நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு நிற்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது. அடியில் அடைபட்ட காற்று உடம்புச் சூட்டை 40 டிகிரியை ஒட்டிக் காக்கும். எண்ணெய் பட்டதும் கொக்கி விட்டு இழைகள் கற்றையாக ஒட்டிக்கொள்ளும், ஓடு விலகிய கூரையாகிவிடும். பறவை நனைந்து, மிதக்கமாட்டாமல் கரையேறும். அலகால் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கும். குடல் புண்ணாகும், ரத்தம் குறையும். கரையில் கையில் சிக்குகிற பறவை பெரும்பாலும் பட்டினி கிடந்து, உடம்பில் நீர் வற்றித்தான் இருக்கும். அந்த நேரத்தில் கழுவி ஃபேனில் வைத்தால் மிச்சமிருக்கும் சூடும் போய்விடும். மண்ணெண்ணெய் தோலை எரிக்கும், அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். சோப்பை முழுக்க அலசாவிட்டால், எண்ணெய் செய்த வேலையை அதுவும் செய்யும். நீர் வற்றிய குடலுக்கு மீன் செரிக்காது. வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போகும்.

அடுத்த முறை இரண்டு பேர் போங்கள். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கொக்கும் நாரையும் கண்ணைத்தான் குத்தும். தரைப்பக்கமிருந்து விரட்டினால் பறவை கடலுக்குள் ஓடிவிடும். கடலுக்கும் பறவைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு பழைய துண்டை மேலே போடுங்கள். இறக்கையை மடக்கி உடம்போடு அணைத்துத் தூக்குங்கள், உங்கள் முகத்துக்குக் கீழேயே வைத்திருங்கள். அலகைக் கயிறு போட்டுக் கட்டக் கூடாது. நீர்க்காகத்துக்கு வெளிமூக்குத் துவாரம் கிடையாது, வாயால்தான் மூச்சு விடும். கட்டினால் திணறிச் சாகும். அலகிலும் கண்ணிலும் உள்ள எண்ணெயை மட்டும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

பிறகு அட்டைப் பெட்டி. பக்கத்தில் பென்சில் பருமனுக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை, அடியில் துண்டு, பெட்டிக்கு ஒரு பறவை. மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். நடுங்கினால் வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைக்கலாம். சூடு அதிகமானால் விலகிப்போக மறு மூலை இருக்க வேண்டும். குளிர்நாட்டார் எழுதிய குறிப்புகளில் சூடு கொடு, சூடு கொடு என்றே இருக்கும். நம் ஊர் வெயிலில் அதை அப்படியே செய்தால் வெந்துவிடும். பறவை வாயைப் பிளந்து தொண்டையைப் படபடவென்று அடித்தால் புழுக்கம் தாங்கவில்லை என்று அர்த்தம். பாட்டிலை எடுத்துவிட்டுப் பெட்டியை வேப்ப மர நிழலுக்கோ ஓலைக் கொட்டகைக்கோ மாற்றுங்கள்.

அதோடு உங்கள் வேலை முடிந்தது. வனத்துறைக்குச் சொல்லி அன்றைக்கே ஒப்படையுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கழுவுவது அவர்கள் வழியாக, பயிற்சி பெற்றவர்கள் செய்யட்டும். பறவை தேறுவதற்கே ஒன்றிரண்டு நாள் ஆகும். பிறகு 40 டிகிரிக்குச் சற்று மேலான வெந்நீர் 10 லிட்டருக்கு, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 100 முதல் 200 மில்லி கலந்து, தண்ணீர் தெளிகிறவரை தொட்டி தொட்டியாக மாற்றுவார்கள். கழுவுவதைவிட அலசுவதற்கு நேரம் பிடிக்கும். ஒரு பறவைக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் ஆகும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் உதவாது, அதன் கடினத்தன்மை இறகில் படிந்து மறுபடி நனைய வைக்கும்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, எண்ணெயே படாமல் களைத்து ஒதுங்கும் ஆழ்கடல் பறவைகளும் உண்டு. அவற்றுக்கும் இதே பெட்டிதான். பாவமென்று கடலில் திரும்ப எறிந்துவிடாதீர்கள்.

இனி வள்ளம். அந்தக் கடற்காகத்தின் மேலிருந்த தார் உங்கள் எஞ்சினுடையதாக இருக்காது. தார் உருண்டை கப்பல் எரிபொருளும் கச்சா எண்ணெயும் கடலில் காய்ந்து திரண்டது. ஆனால் எஞ்சின் ஆயிலும் தப்பிவிடாது. வானவில் நிறம் காட்டும் படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் மூன்று பங்கிலேயே ஆரம்பமாகிறது. அந்தக் கணக்கில் ஒரு லிட்டர் ஆயில் சுமார் 80 சென்ட் பரப்பை மூடும். அவ்வளவு மெல்லிய படலமே இறகைக் குலைக்கப் போதும்.

ஆயில் மாற்றும்போது அடியில் தட்டு வைத்து, புனலால் பழைய கேனில் ஊற்றிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கழிவு ஆயிலுக்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது. வள்ளத்தின் அடியில் தேங்கும் அடித்தண்ணீரை இறைக்குமுன் எஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் அசையாமல் விடுங்கள், ஆயில் மேலே மிதக்கும். அடியிலிருந்து தண்ணீரை மட்டும் இறைத்து, கடைசி நாலு விரல் உயரத்தை விட்டுவிடுங்கள். மேலே நிற்கும் ஆயிலை வேஸ்ட் துணியால் ஒற்றிக் கேனில் பிழியுங்கள். தேங்காய் நாரும் உறிஞ்சும், ஆனால் தண்ணீரையும் சேர்த்துக் குடித்துக் கனத்துவிடும். அடித்தண்ணீரில் சோப்பு ஊற்றுகிறவர்கள் உண்டு. படலம் கண்ணுக்கு மறைகிறதே தவிர, ஆயில் துளித்துளியாகக் கடலில் கலந்துதான் போகிறது.

கரையில் தார் உருண்டை ஒதுங்கினால் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். மணலில் புதைத்தால் அடுத்த கச்சானில் அலை அரித்து வெளியே எடுத்துப் போட்டுவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடும் காலம், அப்போது ஜேசிபி விட்டு வழிக்கவே கூடாது. கடலில் பெரிய படலம் கண்டால் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இடம், நேரம், காற்றின் திசை சொல்லுங்கள். கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வையுங்கள்.

செத்த பறவையைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். காக்கையும் செம்பருந்தும் நாயும் அதைக் கொத்தித் தின்னும், அந்த எண்ணெய் அவற்றின் வயிற்றுக்குள் போகும். பையில் கட்டி, எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதி வனத்துறையிடம் கொடுங்கள்.